புது கார்: வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் விலை பேசி முடிப்பது எப்படி?

ஒரே மாடல், ஒரே வேரியன்ட், ஒரே நிறம். சென்னையில் மூன்று டீலர்களிடம் கேட்டால் மூன்று ஆன்-ரோடு தொகை (வண்டி ரோட்டில் இறங்கும்வரை ஆகும் மொத்தத் தொகை) வரும். எக்ஸ்-ஷோரூம் விலை (ஆயுட்கால வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் சேராத விலை) மூன்றிலும் ஒன்றுதான், ஏனென்றால் அதை வைப்பது கம்பெனி. ஆயுட்கால வரியும் ஒன்றுதான், அது அரசுக்குப் போகிறது. வித்தியாசம் முழுவதும் மற்ற இனங்களில் இருக்கிறது: இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ், ஹேண்ட்லிங் சார்ஜ், டிஸ்கவுண்ட், பழைய காருக்குப் போடும் மதிப்பு, கடன் வட்டி.

டீலருக்கு வண்டியில் கிடைக்கும் மார்ஜின் பொதுவாக விலையில் 3 முதல் 5 சதவீதம்தான். அதிலிருந்து ஓரளவு விட்டுக்கொடுக்கலாம், நிறைய விட முடியாது. அதனால்தான் இன்ஷூரன்ஸ் கமிஷன், வங்கி தரும் கமிஷன், ஆக்சஸரீஸ் லாபம் ஆகியவற்றை நம்பி ஷோரூம் ஓடுகிறது. நேரில் போனால் இவை எல்லாவற்றையும் ஒரே மொத்தத் தொகையாகச் சொல்லி, "மாதம் எவ்வளவு கட்டுவீங்க சார்?" என்று பேச்சைத் திருப்பிவிடுவார்கள். எழுத்தில் பேசும்போது ஒவ்வொரு இனமும் தனித்தனியாகத் தெரியும். யோசிக்க நேரம் கிடைக்கும், பக்கத்து டீலரின் தாளோடு ஒப்பிட முடியும், சொன்னதை நாளைக்கு மாற்றினால் காட்ட ஆதாரமும் இருக்கும். ஆன்லைனில் பேசுவதன் பலன் இதுதான். கீழே உள்ள கணக்குகள் தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்யும் பெட்ரோல், டீசல் கார்களுக்கானவை. மின்சாரக் கார்களுக்கு வரி விதிகள் வேறு.

விலை கேட்பதற்கு முன்

டெஸ்ட் டிரைவை நேரில் முடித்துவிடுங்கள். அதை ஆன்லைனில் செய்ய வழியில்லை. அங்கே விலைப் பேச்சு எடுத்தால், "இன்னும் மாடலே முடிவாகலைங்க, முடிவானதும் மெசேஜ் பண்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மாடல், வேரியன்ட், எரிபொருள், கியர் வகை, சம்மதமான இரண்டு நிறங்கள் ஆகியவை முடிவான பிறகுதான் விலை கேட்க வேண்டும். வேரியன்ட் சொல்லாமல் கேட்டால் வரும் பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

வேரியன்ட் தேர்வில் பலர் கவனிக்காத இடம் 10 லட்ச ரூபாய் எல்லை. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் கார்களுக்கான ஆயுட்கால வரி நான்கு படிகளாக இருக்கிறது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி தாண்டிய பகுதிக்கு மட்டும் அதிகம் என்று இல்லை. எல்லையைத் தாண்டினால் முழு விலைக்கும் புதிய சதவீதம்தான். 9,80,000 ரூபாய் காருக்கு வரி 1,27,400. 10,20,000 ரூபாய் காருக்கு 1,83,600. போதாததற்கு, 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு மொத்த விலையில் 1 சதவீதம் டிசிஎஸ் (உங்கள் வருமான வரிக் கணக்கில் சேரும்படி விற்பவர் வாங்கும் வரி) வசூலிப்பார்கள், இங்கே 10,200. ஆக, விலைப்பட்டியலில் 40,000 ரூபாய் மட்டும் கூடுதலாகத் தெரியும் வேரியன்ட், பணம் கட்டும்போது 1,06,400 ரூபாய் கூடுதலாக வரும். அந்த வேரியன்ட்டில் கிடைக்கும் சன்ரூஃபுக்கு இவ்வளவு தரலாமா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். டிசிஎஸ் தவிர மற்றது, எந்த டீலரிடம் எவ்வளவு பேரம் பேசினாலும் திரும்ப வராது.

எக்ஸ்-ஷோரூம் விலையில் ஜிஎஸ்டி ஏற்கெனவே அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம். 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்கு மிகாத இன்ஜினும் இருந்தால் சிறிய கார். கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் விலைக்கு மேல் மறுபடியும் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கும் தனியாக ஜிஎஸ்டி உண்டு, காருக்குக் கிடையாது.

எந்த மாதத்தில் பேச்சு எடுபடும்?

மாதக் கடைசி வாரம், காலாண்டு முடிவு, மார்ச் ஆகியவை எல்லா ஊருக்கும் பொது. ஷோரூமுக்குக் கம்பெனி வைத்திருக்கும் டார்கெட் அந்தத் தேதிகளில் முடிகிறது. இரண்டு வண்டி குறைந்தால் மொத்த ஊக்கத்தொகையும் போய்விடும் நிலையில், உங்கள் வண்டிக்கு அவர்கள் சற்று நஷ்டப்படவும் தயாராக இருப்பார்கள்.

தமிழ்நாட்டில் இதோடு ஆடியும் மார்கழியும் சேர்கின்றன. அந்த இரண்டு மாதமும் வண்டி எடுக்க மாட்டோம் என்று பல குடும்பங்கள் தள்ளிப்போடுவதால் ஷோரூம் காலியாக இருக்கும். மார்கழியின் முதல் பாதி டிசம்பர் கடைசியோடு ஒன்றாக வருகிறது, அதாவது ஆண்டு முடிவதற்குள் பழைய ஸ்டாக்கைத் தள்ளியாக வேண்டிய வாரங்கள். மாதம் பார்க்காதவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. பார்க்கிற குடும்பம் என்றாலும், மார்கழியில் விலை பேசி புக்கிங் போட்டு, டெலிவரியை தை முதல் வாரத்துக்குக் கேட்கலாம். ஆனால் டிசம்பர் டிஸ்கவுண்ட் ஜனவரி இன்வாய்ஸுக்கும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான சலுகைகள் அந்த மாதத்துக்குள் இன்வாய்ஸ் போட்டால் மட்டுமே செல்லும்.

டிசம்பரில் வாங்குவதில் ஒரு பாதகமும் உண்டு. ஆர்சியில் தயாரிப்பு ஆண்டு பழையதாக இருக்கும், மூன்று நான்கு ஆண்டுகளில் விற்றால் வாங்குபவர் அதைச் சொல்லிக் குறைப்பார். எட்டுப் பத்து ஆண்டுகள் வைத்து ஓட்டுவதாக இருந்தால் அந்த இழப்பு கரைந்துவிடும், டிஸ்கவுண்ட்தான் மிச்சம்.

ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களில் பேரத்துக்கு இடமே குறைவு. வெயிட்டிங் பீரியட் உள்ள புது மாடலுக்கும் அப்படித்தான். அங்கே டிஸ்கவுண்ட் கேட்டு நேரத்தை வீணாக்காமல், கட்டாயம் என்று சொல்லித் தலையில் கட்டும் ஆக்சஸரீஸையும் இன்ஷூரன்ஸையும் எடுத்துவிடச் சொல்வதில் கவனம் வையுங்கள்.

விசாரணை அனுப்புவது

கார் விளம்பரத் தளங்களில் எண்ணைக் கொடுத்தால் அன்று மாலையே பத்து அழைப்பு வரும், அதில் பாதி நீங்கள் கேட்காத கம்பெனிகளிலிருந்து. விசாரணைக்கென்று ஒரு தனி சிம், தனி மெயில் முகவரி வைத்துக்கொள்வது நல்லது. கம்பெனியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் டீலர் பட்டியலை எடுத்து, நான்கிலிருந்து ஆறு ஷோரூம்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே முதலாளிக்கு ஊரில் மூன்று கிளை இருக்கலாம். பெயரைப் பார்த்து வெவ்வேறு நிறுவனமாக எடுங்கள், இல்லையென்றால் ஒரே ஆளோடு மூன்று முறை பேசியது போலாகிவிடும். சென்னையில் இருப்பவர் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர் டீலர்களையும் சேர்க்கலாம். சில கம்பெனிகள் டீலர் தன் எல்லைக்கு வெளியே விற்பதைக் கட்டுப்படுத்துகின்றன, எனவே உங்கள் ஆர்டிஓவைச் சொல்லி, பதிவு செய்து தர முடியுமா என்பதை முதல் மெசேஜிலேயே கேட்டுவிடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே வாசகம் அனுப்ப வேண்டும். இப்படி:

"வணக்கம். உங்கள் கம்பெனியின் இன்ன மாடல், இன்ன வேரியன்ட், பெட்ரோல் மேனுவல், வெள்ளை அல்லது கிரே வாங்க முடிவு செய்திருக்கிறேன். டெஸ்ட் டிரைவ் முடிந்தது. தாம்பரம் ஆர்டிஓ, தனிநபர் பெயரில் பதிவு. இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் டெலிவரி தேவை. எக்ஸ்சேஞ்ச் இல்லை, கடன் என் வங்கியில் பார்த்துக்கொள்கிறேன். ஷோரூம் லெட்டர்ஹெட்டில் இனவாரியான ஆன்-ரோடு கொட்டேஷன் பிடிஎஃப் வேண்டும். அதில் எக்ஸ்-ஷோரூம், ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் (ஐடிவி, ஆட்-ஆன் விவரத்துடன்), டிசிஎஸ், ஃபாஸ்டேக், எல்லா டிஸ்கவுண்டும் தனித்தனியாக இருக்கட்டும். ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்க்க வேண்டாம். ஸ்டாக்கில் உள்ள வண்டி எந்த மாதத் தயாரிப்பு என்பதையும் குறிப்பிடுங்கள். வியாழன் மாலைக்குள் வருவதை வைத்து முடிவு செய்வேன்."

நீளமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். தேதியும் ஆர்டிஓவும் குறிப்பிட்டுக் கேட்கும் ஆளை, சும்மா விலை கேட்கும் ஆளிலிருந்து சேல்ஸ் மேனேஜர் உடனே பிரித்துவிடுவார். எக்ஸ்சேஞ்சும் கடனும் இல்லை என்று முதலில் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, அதைப் பின்னால் பார்க்கலாம். இரண்டு பேர் பதிலே தர மாட்டார்கள், ஒருவர் "நேர்ல வாங்க" என்பார், இரண்டு மூன்று பேரிடமிருந்து தாள் வரும். அது போதும்.

கொட்டேஷன் தாளைப் படிப்பது

தாள் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்க்காமல் மேலிருந்து கீழே வாருங்கள். எக்ஸ்-ஷோரூம் விலையைக் கம்பெனித் தளத்தோடு ஒத்துப்பாருங்கள். ஆயுட்கால வரியை நீங்களே கால்குலேட்டரில் பெருக்கிப் பாருங்கள். மத்திய அரசு விதிப்படி சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடனில் வாங்கினால் ஹைப்போதிகேஷன் (வண்டி மீது வங்கிக்குள்ள உரிமை) பதிய 1,500, ஸ்மார்ட் கார்டு 200. சாலைப் பாதுகாப்பு வரி, சேவைக் கட்டணம் சேர்ந்தாலும் இந்தப் பகுதி சில ஆயிரங்களுக்குள் அடங்க வேண்டும். "ஆர்டிஓ செலவு" என்று ஒரே வரியில் ஆயுட்கால வரியைவிட 10,000, 12,000 கூடுதலாகப் போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பணம் கட்டியதும் அரசு ரசீது கொடுப்பீர்களா என்று ஒரு வரி கேட்டாலே பல தாள்கள் திருத்தப்பட்டு வரும்.

அடுத்தது ஹேண்ட்லிங் சார்ஜ். லாஜிஸ்டிக்ஸ், டிப்போ சார்ஜ், ஃபெசிலிட்டேஷன் என்று பெயர் மாறும். வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது, மேற்கொண்டு தர வேண்டியதில்லை. "இதை எந்த விதியின் கீழ் வசூலிக்கிறீர்கள் என்று மெயிலில் தெரிவியுங்கள்" என்று எழுதினால் பெரும்பாலும் போய்விடும். சில இடங்களில் அது டிஸ்கவுண்டில் குறைந்து வேறு வழியில் திரும்பி வரும். அதனால் நீக்கிய பிறகு புதிய தாளை முழுதாக மறுபடியும் கூட்டிப்பாருங்கள்.

பெரிய தொகை ஒளிந்திருப்பது இன்ஷூரன்ஸில். புது காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும், இது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அதன் பிரீமியம் அரசு நிர்ணயித்தது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் மாறாது. 2022 ஜூனில் வைத்த கட்டணப்படி 1,000 சிசி வரை 6,521 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. மாறுவது ஓராண்டு சொந்தச் சேதப் பகுதியும், ஆட்-ஆன் எனும் கூடுதல் பாதுகாப்புகளும்தான். டீலர் தரும் பாலிசியையும் நீங்களே ஆன்லைனில் பார்க்கும் பாலிசியையும் ஒப்பிட்டால் 10,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம்.

ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஐடிவி, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு, ஒன்றாக இருக்க வேண்டும். புது காருக்கு அது எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம். அதைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் மலிவாகத் தெரியும், கார் முழுதாக நாசமானாலோ திருடுபோனாலோ கைக்கு வரும் பணமும் குறையும். ஆட்-ஆன்களில் ஜீரோ டிப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தருவது) புது காருக்குத் தேவை. சென்னை, கடலூர் மாதிரி வெள்ளம் வரும் ஊர்களில் இன்ஜின் புரொடெக்‌ஷன் விடக்கூடாத ஒன்று. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால் சாதாரண பாலிசி அதைப் பெரும்பாலும் ஏற்காது. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (கார் முழுதாகப் போனால் ஐடிவிக்குப் பதில் இன்வாய்ஸ் விலையைத் தருவது) உங்கள் விருப்பம். சாவி தொலைந்தால், பையைத் திருடினால் என்று வரும் சின்ன ஆட்-ஆன்களை எடுத்துவிடலாம். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால், அதைச் சொல்லி இங்கே நீக்கச் சொல்லலாம்.

"எங்ககிட்டதான் இன்ஷூரன்ஸ் எடுக்கணும்" என்று கட்டாயப்படுத்த டீலருக்கு உரிமையில்லை. பாலிசியைத் தேர்வு செய்வது வாடிக்கையாளரின் உரிமை என்பதே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நிலை. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. வெளியில் பாலிசி எடுக்க சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வேண்டும், வண்டி ஒதுக்கினால்தான் அவை கிடைக்கும், பாலிசி இல்லாமல் பதிவு நடக்காது. எனவே ஒதுக்கிய அன்றே எண்களை மெயிலில் தர வேண்டும் என்று புக்கிங்குக்கு முன்பே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். வெளி பாலிசிக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) கிடையாது என்பார்கள். அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கேரேஜ் பட்டியலில் அந்த ஒர்க்‌ஷாப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் கடைசிவரை மோத வேண்டிய அவசியமில்லை. வெளி பாலிசியின் பிரேக்-அப்பை அனுப்பி, "இதே ஐடிவி, இதே ஆட்-ஆனுக்கு இந்தத் தொகையில் தந்தால் உங்களிடமே எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். முழுக் கமிஷனையும் இழப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துத் தருவதே அவர்களுக்கு லாபம். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

பழைய கார் வைத்திருந்து அதில் கிளெய்ம் செய்யாதவர்கள் நோ கிளெய்ம் போனஸை மறந்துவிடுகிறார்கள். அது காரோடு சேர்ந்தது அல்ல, உங்களுக்குச் சொந்தமானது. பழைய காரை விற்றதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான சான்றுக் கடிதம் வாங்கினால், புது காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். டீலர் இதை அவராக எடுத்துச் சொல்வது அரிது, பிரீமியம் குறைந்தால் கமிஷனும் குறைகிறதே.

ஆக்சஸரீஸ் "பேசிக் கிட்" என்ற பெயரில் 15,000, 20,000 என்று நிற்கும். மேட், மட்ஃப்ளாப், சீட் கவர், பாடி கவர் எல்லாம் வெளியே குறைந்த விலையில் கிடைக்கும். வயரை வெட்டி இணைக்கும் சாமான்களை மட்டும் ஷோரூமிலேயே, கம்பெனியின் ஒரிஜினலாக, பில்லோடு போடுங்கள். வெளியில் போட்டுப் பின்னால் மின்சாரக் கோளாறு வந்தால் வாரண்டியை மறுக்க அதையே காரணம் காட்டுவார்கள். டெஃப்லான், செராமிக், அண்டர்பாடி கோட்டிங் எதையும் டெலிவரிக்கு முன் ஒப்புக்கொள்ள வேண்டாம். "20,000 ரூபாய் ஆக்சஸரீஸ் ஃப்ரீ" என்பதை ஒருபோதும் 20,000 ரூபாய் டிஸ்கவுண்டாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அவர்களுக்கு அதன் அடக்கவிலை அதைவிட நன்றாகவே குறைவு.

பதில் எழுதி விலையைக் குறைப்பது

எல்லாத் தாளையும் ஒரு எக்செல் ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொரு இனத்திலும் மிகக் குறைந்ததை எடுத்துக் கூட்டினால் ஒரு தொகை வரும். அதுதான் உங்கள் இலக்கு. ஒருவர் டிஸ்கவுண்டில் தாராளமாக இருந்து இன்ஷூரன்ஸில் பிடித்திருப்பார், இன்னொருவர் நேர்மாறாக. இருவரிடமும் தங்கள் சொந்தத் தாளின் பலவீனமான இனத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். "மொத்தமா எவ்வளவு குறைப்பீங்க" என்று கேட்பதைவிட, "இன்ஷூரன்ஸில் உங்கள் தொகை 9,400 அதிகமாக இருக்கிறது, இது எதனால்?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

டிஸ்கவுண்ட் பகுதியில் கேட்டால்தான் வெளிவரும் சில பெயர்கள் உண்டு. கம்பெனி தரும் நுகர்வோர் சலுகை, கார்ப்பரேட் டிஸ்கவுண்ட், ஏற்கெனவே அதே பிராண்ட் வைத்திருப்பவருக்கு லாயல்டி போனஸ், பழைய வண்டியை ஸ்கிராப் செய்தவருக்குத் தனிச் சலுகை, இவற்றுக்கு மேல் டீலர் தன் கையிலிருந்து தருவது. கார்ப்பரேட் டிஸ்கவுண்ட் பெரிய ஐடி கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அரசு ஊழியர், ஆசிரியர், வங்கி ஊழியர், மருத்துவர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று பட்டியல் நீளும். உங்கள் வேலையையும் வீட்டில் மற்றவர்கள் வேலையையும் எழுதி, எது பொருந்தும் என்று கேளுங்கள். யார் பெயரில் கார் பதிவாகிறதோ அவருடைய அடையாள அட்டைதான் செல்லும், அதைப் பொறுத்துப் பெயரை முடிவு செய்யலாம்.

போட்டி டீலரின் பிடிஎஃப்பை அப்படியே ஃபார்வர்ட் செய்யாதீர்கள், தொகையை மட்டும் சொல்லுங்கள். தாள் கைமாறினால் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொள்வதும் நடக்கும். இல்லாத தாளை இருப்பதாகச் சொல்லவும் வேண்டாம். எந்த அளவு டிஸ்கவுண்ட் சாத்தியம் என்று சேல்ஸ் மேனேஜருக்குத் தெரியும், நம்ப முடியாத தொகையைச் சொன்னால் "அங்கேயே எடுத்துக்கோங்க சார்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

இரண்டாவது சுற்றில் கட்டாயம் வரும் பேச்சு இது:

"சார், போன்ல இதுக்கு மேல பண்ண முடியாது சார். ஒரு தடவை நேர்ல வாங்க, மேனேஜர்கிட்ட உட்கார வெச்சு பெஸ்ட் பிரைஸ் வாங்கித் தரேன்."

"கண்டிப்பா வரேங்க, வரும்போது புக்கிங் பணத்தோடதான் வருவேன். அதுக்கு முன்னாடி மேனேஜர் தர்ற கடைசித் தொகையைத் தாள்ல போட்டு அனுப்பிடுங்க. இன்னும் ரெண்டு ஷோரூம்லயும் இதையேதான் கேட்டிருக்கேன். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு முடிவு பண்ணிடுவேன்."

எதிரில் இருக்கும் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவுக்குச் சில ஆயிரங்களுக்கு மேல் குறைக்க அதிகாரம் இல்லை. அவர்மேல் எரிந்து விழுந்து பயனில்லை, அவரை உங்கள் ஆளாக்கிக்கொள்வதே வழி. உங்கள் மெசேஜ் தெளிவாக இருந்தால் அதை அப்படியே மேனேஜரிடம் காட்டி அவரே உங்களுக்காக வாதாடுவார். மேனேஜர் ஒப்புதல் தர வேண்டுமென்றால், "இந்தத் தொகை என்றால் இன்றைக்கே புக்கிங்" என்று நீங்களும் ஒரு உறுதி தர வேண்டும். ஒருமுறை அந்த வார்த்தையைச் சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு இன்னும் 5,000 குறையுங்கள் என்று கேட்காதீர்கள். டெலிவரி, பதிவு, பின்னால் வரும் சர்வீஸ் எல்லாம் அதே ஆட்களிடம்தான். இரண்டு சுற்று போதும். மூன்றாவது சுற்றில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பெர்ஃப்யூம் பாட்டில்தான்.

எக்ஸ்சேஞ்ச், கடன்

இவை இரண்டையும் புது காரின் விலை எழுத்தில் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். முதலிலேயே சொன்னால், புது காரில் 30,000 கூடுதலாகத் தந்து பழைய காரில் அதே 30,000-ஐக் குறைத்துவிடுவார்கள், தாளில் பார்க்க நன்றாக இருக்கும். பழைய காருக்கு முதலில் வெளியே இரண்டு விலை வாங்குங்கள். டீலர் தரும் மதிப்பும் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் போனஸும் சேர்ந்து வெளி விலையைத் தாண்டினால் மட்டும் அவரிடம் கொடுக்கலாம். பல இடங்களில் போனஸ் உடனே விலையில் கழியாது, பழைய காரின் பெயர் மாற்றம் முடிந்து ஆர்சி நகல் கொடுத்த பிறகுதான் வரும். கழிப்பார்களா, பின்னால் தருவார்களா, எத்தனை நாளில் என்பதை எழுதி வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டதும் நகல் எடுத்து, தேதி நேரத்தோடு டெலிவரி நோட் வாங்காமல் சாவியைத் தராதீர்கள். பெயர் மாறும்வரை அந்த வண்டியின் அபராதமும் விபத்தும் உங்கள் பெயரில்தான் வரும்.

கடனில், "5.5 சதவீதம்தான் சார்" என்றால் அது ஃப்ளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்கும் போடும் வட்டி), குறையும் இருப்புக்கான வட்டியா (பாக்கிக்கு மட்டும் போடும் வட்டி) என்று கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு 5.5 சதவீதம் ஃப்ளாட் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் 2,125 ரூபாய். குறையும் இருப்பு முறையில் 10 சதவீத வட்டிக்கு வரும் தவணையும் ஏறக்குறைய அதேதான். ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை எவ்வளவு, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் எத்தனை சதவீதம் என்ற மூன்றும் தெரிந்தால் எந்த வங்கியையும் ஒப்பிடலாம். உங்கள் வங்கியில் முன் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் டீலர் வழியாகப் போங்கள்.

புக்கிங் முதல் டெலிவரி வரை

புக்கிங் படிவத்தின் பின்பக்கம் சிறிய எழுத்தில் "டெலிவரி அன்றைய விலையே பொருந்தும்" என்று இருக்கும். கம்பெனிகள் ஜனவரியிலும் ஏப்ரலிலும் விலை ஏற்றுவது வழக்கம். ஒப்புக்கொண்ட ஆன்-ரோடு தொகை, வேரியன்ட், நிறம், தயாரிப்பு மாதம், டெலிவரி தேதி, தேதி தவறினால் புக்கிங் பணம் முழுதும் திரும்ப வரும் என்பது ஆகியவற்றை ஒரே மெயிலில் எழுதி, சேல்ஸ் மேனேஜரிடமிருந்து "உறுதி செய்கிறோம்" என்று பதில் வந்த பிறகே பணம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே சார்" என்று வந்தால் போதாது. ஷோரூமின் மெயில் முகவரியிலிருந்து வர வேண்டும்.

பணம் ஷோரூம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும். சேல்ஸ் எக்ஸிகியூட்டிவின் சொந்த யுபிஐ எண்ணுக்கு 500 ரூபாய்கூட அனுப்பக்கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அனுப்பிய அன்றே ரசீது வாங்குங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை, அதனால் ரொக்கமாகத் தந்தால் தனிச் சலுகை என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள்.

வண்டி ஒதுக்கியதும் மீதிப் பணம் கட்டுவதற்கும் பதிவுக்கும் முன்பு ஸ்டாக்யார்டில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த நிபந்தனையையும் அதே மெயிலில் சேருங்கள். பதிவான பிறகு குறை கண்டால் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள், ரிப்பேர் செய்துதான் தருவார்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்பாருங்கள். பல கம்பெனிகளில் அந்த 17 இலக்கத்தில் பத்தாவது எழுத்து ஆண்டைக் காட்டும், எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. எல்லாக் கம்பெனியிலும் அப்படி இல்லை என்பதால், தயாரிப்பு மாதமும் ஆண்டும் எழுதிய படிவம் 21-ஐ (விற்பனைச் சான்று) கேட்டுப் பாருங்கள். நான்கு டயரோடு ஸ்டெப்னியையும் சேர்த்து, பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3225 என்றால் 2025-இன் 32-ஆவது வாரம். ஒரு டயர் மட்டும் வேறு மாதிரி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஓடோமீட்டர் நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் டிஸ்ப்ளேவிலோ டெஸ்ட் டிரைவிலோ இருந்த வண்டியா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். கதவு, பானட் விளிம்புகளில் பெயிண்ட் நிறம் மாறுகிறதா, கண்ணாடிகளின் தேதிக் குறி ஒன்றாக இருக்கிறதா, போல்ட்களில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றே மெயிலில் அனுப்பிவையுங்கள்.

இறுதி இன்வாய்ஸில் டிஸ்கவுண்ட் எப்படி வருகிறது என்பதும் முக்கியம். இன்வாய்ஸிலேயே கழித்திருக்கலாம், தனியாகக் கிரெடிட் நோட் தரலாம். கிரெடிட் நோட் என்றால் அதன் நகலை டெலிவரிக்கு முன் வாங்குங்கள். டெலிவரி நாளில் ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒரு தொகை கேட்டால், உறுதி மெயிலைக் காட்டி மேனேஜரிடம் பேசுங்கள். மாலை போட்டு, வாசலில் எலுமிச்சை வைத்து, குடும்பத்தோடு நிற்கும் நேரத்தில் யாரும் 3,000 ரூபாய்க்கு வாதாட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எனவே கணக்கை முந்தின நாளே பைசா சுத்தமாக முடித்து, "பாக்கி இல்லை" என்று மெயில் வாங்கிவிட்டுப் போங்கள்.

ஆர்சி வந்ததும் பெயர், சேசிஸ் எண், தயாரிப்பு மாதம், ஹைப்போதிகேஷன் நான்கையும் சரிபார்க்க வேண்டும். ஆயுட்கால வரி ரசீதில் உள்ள தொகை கொட்டேஷனில் வாங்கியதைவிடக் குறைவாக இருந்தால் மீதியைத் திருப்பிக் கேளுங்கள். டிசிஎஸ் கட்டியவர்கள் அது வருமான வரித் தளத்தில் தங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டியதில்லை என்றால் முழுதும் ரீஃபண்டாக வரும். எக்ஸ்சேஞ்ச் போனஸ் சொன்ன தேதியில் வரவில்லை என்றால் முதலில் ஷோரூம் மேனேஜருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரே மெயிலில் எழுதுங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். கொட்டேஷன், உறுதி மெயில், ரசீது மூன்றும் கையில் இருப்பதால் அங்கே புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியிருக்காது.